ராணுவத்தில் முடிவு யார் கையில்? மேலே இருப்பவரிடமா, களத்தில் நிற்பவரிடமா?

கேள்வி: பென்னாகரம் மாணவி

எல்லோருக்கும் வணக்கம். பென்னாகரத்திலிருந்து எழுதுகிறேன். பி.எஸ்சி. கடைசி வருடம் படிக்கிறேன், கல்லூரியில் என்.சி.சி.யிலும் இருக்கிறேன். சென்னை ஓ.டி.ஏ.வில் பயிற்சி பெற்று அதிகாரியாக வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே என் ஆசை. இப்போது பெங்களூருவில் எஸ்.எஸ்.பி., அதாவது ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது.

எனக்கு ஒரு சந்தேகம். ராணுவம் என்றால் வேகமாக முடிவெடுக்கும் இடம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மேலே ஒருவர் சொன்னால் கீழே இருப்பவர்கள் எதிர்க்கேள்வி கேட்காமல் செய்வதால்தான் அந்த வேகம் என்றும் சொல்கிறார்கள். ஆனால் நாங்கள் போன ஒரு கேம்பில் நடந்தது வேறு. ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. டென்ட்டுக்குள் தண்ணீர் வர ஆரம்பித்தது. பக்கத்திலேயே மேடான இடம் இருந்தது. பொறுப்பில் இருந்தவர் வெளியே போயிருந்ததால், அவரைக் கேட்காமல் டென்ட்டை நகர்த்தக் கூடாது என்று சீனியர் சொல்லிவிட்டார். அவர் வருவதற்குள் போர்வை, அரிசி மூட்டை எல்லாம் நனைந்துவிட்டன. எல்லோரும் ஒழுங்காகக் கீழ்ப்படிந்தோம், ஆனால் வேகம் எங்கேயும் இல்லை.

உண்மையான ராணுவத்தில் ஒரு முடிவு எப்படி எடுக்கப்படுகிறது? சொன்னதைச் செய்வதுதான் விதி என்றால், எஸ்.எஸ்.பி.யில் சுயமாக முடிவெடுக்கிறவர்களை ஏன் தேடுகிறார்கள்? பணியில் இருந்தவர்கள் யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: சுபேதார் (ஓய்வு), காவேரிப்பட்டணம்

அம்மா, முதலில் வாழ்த்துகள். நான் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராக வெளியே வந்தவன். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் பெங்களூரு சென்டருக்குப் போய்ச் சேர்ந்த காலம் அது.

எந்த முடிவு யாருடையது என்று வேலை தொடங்கும் முன்பே பிரித்து வைத்திருந்தால்தான் ஒரு படைக்கு வேகம் வரும். கீழ்ப்படிதல் அதற்குப் பிறகுதான் வருகிறது. உங்கள் கேம்பில் டென்ட்டை நகர்த்தும் அதிகாரம் ராத்திரி யாருக்கு என்று சாயந்தரமே யாராவது சொல்லியிருந்தால், அரிசி நனைந்திருக்காது.

ஒரு உத்தரவு எப்படி இறங்கி வருகிறது என்று சொல்கிறேன். கம்பெனி என்ற படைப்பிரிவின் கமாண்டருக்கு மேலிருந்து ஒரு வேலை வந்தால், அவர் முதலில் செய்வது 'வார்னிங் ஆர்டர்' அனுப்புவது. முழுத் திட்டமும் தயாராகும் வரை வைத்திருக்க மாட்டார். "இன்ன வேலை வருகிறது, இத்தனை மணிக்குமுன் கிளம்ப முடியாது, இன்ன சாமான் வேண்டும்" என்ற அளவுக்குத் தெரிந்ததை உடனே கீழே தள்ளிவிடுவார். அவர் மேப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே லாரியில் சாமான் ஏறும், பையன்கள் சாப்பிட்டு முடிப்பார்கள். கையில் இருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது, இரண்டு பங்கு கீழே இருப்பவர்களுக்கு என்பது உலகத்துப் படைகள் பலவற்றிலும் சொல்லித்தரும் கணக்கு. பொதுமக்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. அதிகாரி அழகான திட்டம் போடுகிறேன் என்று பொழுது இறங்கும்வரை உட்கார்ந்திருந்தால், செக்ஷன் கமாண்டர் இருட்டில்தான் தன் பத்துப் பேரைக் கூட்டி விளக்க வேண்டியிருக்கும். அந்தத் திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

அப்புறம் 'ஓ குரூப்', அதாவது உத்தரவு சொல்லும் கூட்டம். தரையில் மண்ணைக் குவித்து சாண்ட் மாடல் செய்திருப்பார்கள். நீலச் சாக்பீஸ் பொடி ஆறு, பச்சைப் பொடி காடு, தீக்குச்சி பாலம். அதைச் சுற்றி உட்கார வைத்து கமாண்டர் வரிசையாகச் சொல்வார்: நிலைமை என்ன, நம் வேலை என்ன, எப்படிச் செய்யப்போகிறோம், சோறு, மருந்து, குண்டுக்கு வழி என்ன, நான் எங்கே இருப்பேன், எனக்கு ஏதாவது ஆனால் அடுத்தது யார். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெயர் சொல்லித்தான் பதில் வரும். கடைசியில் எல்லோரும் கடிகாரத்தை ஒன்றாக்கிக்கொள்வோம். பிறகு "கோயி ஷக்?", ஏதாவது சந்தேகம் உண்டா என்று இந்தியில் கேட்பார். கேள்வி எதுவும் வராவிட்டாலும் நல்ல கமாண்டர் விட மாட்டார். ஒரு நாயக்கை எழுப்பி "நீ என்ன செய்யப்போகிறாய், சொல்" என்பார். அவன் சொல்வதைக் கேட்டால்தான் தன் வார்த்தை எங்கே பிசகியிருக்கிறது என்று அவருக்கே தெரியும்.

இதில் நீ பிடித்துக்கொள்ள வேண்டியது 'நம் வேலை என்ன' என்ற இடம். வேலையைச் சொல்லும்போதே அது எதற்கு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மலைப் பக்கம் ஒரு ஆறு, மழைக்காலம். பழைய பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பெய்லி பாலம் போடும் வேலை எங்களுக்கு. மேஜர் சாப் சொன்ன முதல் வார்த்தை இது: "அக்கரையில் இருக்கும் போஸ்ட்டுக்கு நாளைக் காலை ரேஷனும் மருந்தும் போக வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பாலம்." எத்தனை பே, அதாவது பாலத்துக்கு எத்தனை துண்டு, எந்த இடம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பெய்லி பாலம் பார்த்திருக்கிறாயோ என்னவோ. பத்தடி நீள இரும்புச் சட்டம், அதைப் 'பானல்' என்போம். ஒன்று இருநூற்றறுபது கிலோ சுமாருக்கு இருக்கும், ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். இக்கரையில் உருளைகள்மேல் ஒவ்வொரு பானலாகப் பின் அடித்துக் கோத்து, முன்னால் ஒரு மூக்கு மாதிரி சட்டம் கட்டி, மொத்தத்தையும் ஆற்றின் குறுக்கே தள்ளிக்கொண்டே போவோம். அக்கரையில் மூக்கு போய் உட்காரும் இடம் உறுதியாக இருக்க வேண்டும். அங்கே ஒரு சின்னக் குழுவைப் படகில் முன்னாடியே அனுப்பியிருந்தோம். ஊத்தங்கரைப் பக்கத்து ஹவில்தார் ஒருவர் அதற்குப் பொறுப்பு.

ராத்திரி பாதி வேலையில் அக்கரை ஓரம் சரிய ஆரம்பித்துவிட்டது. மழைச் சத்தத்தில் வயர்லெஸ் சரியாகக் கேட்கவில்லை. அந்த ஹவில்தார் என்ன செய்தார் தெரியுமா? உருளை வைக்கும் இடத்தைப் பின்னால், கெட்டியான தரைக்கு நகர்த்தி, வெள்ளை நாடா அடித்துவிட்டார். பிறகு படகில் ஒரு பையனை அனுப்பினார். அவன் ஓடிவந்து சொன்னது: "கரை சரிகிறது. இடத்தைப் பின்னால் தள்ளிவிட்டோம். ஒரு பே கூட்டிப் போடுங்கள். நீளம் கூடுவதால் லோடு என்ன தாங்கும் என்று மேஜர் சாப்தான் பார்க்க வேண்டும்." 'கரை சரிகிறது, என்ன செய்யட்டும்' என்று கேட்டு அவன் வரவில்லை. ஒரு பே என்பது பத்தடி. உபரிச் சாமான் லாரியில் இருந்தது, இக்கரை நாயப் சுபேதார் உடனே கூட்டச் சொல்லிவிட்டார். மேஜர் டார்ச் வெளிச்சத்தில், எந்த நீளம் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற அட்டவணையைப் பார்த்து, முழு லோடு வேண்டாம், பாதி லோடு வண்டி, ஒன்று கடந்த பிறகு ஒன்று என்று முடிவு செய்தார். காலையில் ரேஷன் போய்ச் சேர்ந்தது.

அந்த ஒரு செய்தியில் மூன்று முடிவு இருக்கிறது, பார். கரையை எங்கே வைப்பது என்பது கரையில் நிற்பவருடையது, அதை அவரே எடுத்துவிட்டார். பே கூட்டுவது இக்கரை வேலை, அதைக் கேட்டு வாங்கினார். எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பது பிசகினால் ஆள் சாகும் முடிவு. அதில் அவர் கை வைக்கவில்லை, அது யாருடையதோ அவருக்கே அனுப்பிவிட்டார். பாலம் எதற்கு என்று தெரியாமலிருந்தால், கரை சரிந்ததும் வேலையை நிறுத்திவிட்டு விடியும்வரை காத்திருந்திருப்பார்.

பாலத்தை உடைப்பதும் எங்கள் வேலைதான். பின்வாங்கும்போது நம் கடைசி ஆள் கடந்த பிறகு, எதிரியின் முதல் ஆள் ஏறுவதற்கு முன் உடைக்க வேண்டும். சீக்கிரம் உடைத்தால் நம் ஆட்கள் அக்கரையில் மாட்டிக்கொள்வார்கள். தாமதித்தால் எதிரி பாலத்தோடு வருவான். அதனால் முக்கியமான பாலத்தை 'ரிசர்வ்டு டெமாலிஷன்' என்று ஒதுக்கி, வெடிக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை எழுத்தில் கொடுப்பார்கள். எதிரி திடீரென்று மேலே ஏறிவிட்டால் யாரையும் கேட்காமல் உடைக்கலாமா, கூடாதா என்பதும் அதே தாளில் இருக்கும். அந்த நிமிடம் வரும்போது யோசிக்க நேரம் இருக்காது என்பதால்தான் இந்த ஏற்பாடு.

அதைச் சரியாக வகுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியில் ரைன் நதிமேல் இருந்த ரேமாகன் பாலத்தைச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போர், 1945 மார்ச் 7. அதற்குச் சில மாதம் முன்பு கொலோன் நகரில் ஒரு பாலம் நேரத்துக்கு முன்பே வெடித்துப் போயிருந்தது. அதனால் எழுத்து உத்தரவு இல்லாமல் எந்தப் பாலத்தையும் உடைக்கக் கூடாது என்று மேலிடம் கட்டுப்பாடு போட்டுவிட்டது. ரேமாகனில் காவலுக்கு ஒரு கேப்டன், வெடிமருந்துக்கு ஒரு இன்ஜினியர் கேப்டன். இருவருக்கும் மேலே பொறுப்பேற்க மேஜர் ஷெல்லர் வந்து சேர்ந்ததே அன்று காலையில்தான். அமெரிக்கர்கள் பாலத்தின் வாசலுக்கு வந்துவிட்ட நேரத்தில் யார் உத்தரவு, எழுத்தில் எங்கே என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வெடிமருந்தும் கேட்ட அளவு வரவில்லை, வந்ததும் வீரியம் குறைந்தது. மின்கம்பி வேறு வேலை செய்யவில்லை. கடைசியில் கையால் பற்றவைத்தபோது பாலம் எழும்பி மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அமெரிக்கப் படை ரைனைக் கடந்தது. ஹிட்லர் ஷெல்லரையும் சேர்த்து நான்கு அதிகாரிகளைச் சுட்டுக் கொல்ல வைத்தார். அதிகாரத்தைக் குழப்பி வைத்தது மேலிடம், உயிரைக் கொடுத்தவர்கள் கீழே இருந்தவர்கள். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

பதில் 2: முன்னாள் விமானப்படை, தருமபுரி

சுபேதார் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் என்ஜின் ஃபிட்டராக இருந்தவன். விமானப்படையில் ஒரு விமானம் பறக்கத் தகுதியா என்பதற்கு எஃப் 700 என்று ஒரு பதிவேடு உண்டு. தன் பகுதியைப் பார்த்த டெக்னீஷியன் அதில் கையெழுத்துப் போட்டால்தான் பைலட் ஏறுவார். கார்ப்பரல் ஒருவர் "இந்தக் கசிவு எனக்குத் திருப்தியாக இல்லை" என்று பேனாவை மூடி வைத்தால், பெரிய அதிகாரிகூட அதன்மேல் ஏறிப் பறக்க முடியாது. நிறுத்தும் அதிகாரத்தை அடிமட்டத்தில் கொடுத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியே வந்து தனியார் வேலை பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

தங்கச்சி எஸ்.எஸ்.பி.க்கு 'ஊடா லூப்' என்று எங்காவது படித்திருக்கலாம். கொரியப் போரில் எஃப்-86 போர் விமானம் ஓட்டிய ஜான் பாய்டு என்ற அமெரிக்க விமானப்படை அதிகாரி சொன்னது: பார், புரிந்துகொள், முடிவெடு, செய், மறுபடி பார். இதை வெறும் வேகம் என்று நிறையப் பேர் எடுத்துக்கொள்கிறார்கள். பாய்டு அதிகம் வலியுறுத்தியது இரண்டாவது படியை. பார்த்ததைத் தவறாகப் புரிந்துகொண்டவன் வேகமாகப் போனால் வேகமாகத்தான் விழுவான்.

ஆனால் ஐயாவிடம் ஒரு கேள்வி. நீங்கள் சொல்வது ஆபரேஷன் ஏரியாவில் சரி. அமைதிக் காலத்தில், பெரிய ஸ்டேஷனில் நான் பார்த்தது நேர்மாறு. ஒரு கதவுக் கீல் உடைந்தால்கூடக் கோப்பு மேலே போய் மேலே போய்த் திரும்பும். மேலதிகாரி தன்னைப் பற்றி எழுதும் ரகசிய அறிக்கையில் ஒரு வரி கெட்டால் பதவி உயர்வு போய்விடும் என்று எல்லோரும் பயந்து தங்கள் முடிவை மேலே தள்ளிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தோடு பத்து வருடம் இருந்த அதிகாரி, போர் வந்த அன்று காலையில் திடீரென்று துணிந்து முடிவெடுப்பாரா?

பதில் 3: பள்ளி ஆசிரியர், ஓசூர்

இந்தக் கேள்விக்கு நம் மாவட்டத்து மண்ணிலேயே ஒரு பதில் கிடக்கிறது. நான் வரலாறு நடத்துகிறவன். பாகலூர் வழியாகப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

முதல் மைசூர் போர், 1768. ஐதர் அலிக்கு எதிராக ஆங்கிலேயக் கம்பெனியின் படையை நடத்தியவர் கர்னல் ஜோசப் ஸ்மித். பாரமகாலை, அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியைப் பிடித்து மேலே ஏறி, ஓசூர், கோலார் வரை வந்துவிட்டார். அந்த நேரத்தில் கம்பெனியின் நிர்வாகக் குழுவான மெட்ராஸ் கவுன்சில் என்ன செய்தது? போர்க்களத்தில் முடிவெடுக்க உதவுவதற்கென்று தன் பிரதிநிதிகள் இரண்டு பேரைப் படையோடு அனுப்பியது. ஆர்காட்டு நவாப் முகமது அலியும் கூடவே வந்தார். தளபதிக்கு ஒரு யோசனை, பிரதிநிதிகளுக்கு ஒரு யோசனை, நவாபுக்கு ஒரு யோசனை, இதற்கெல்லாம் மேலே மெட்ராஸிலிருந்து வரும் கடிதம். எதிரே இருந்த ஐதர் அலிக்கோ தன் குதிரைப்படையை எந்தப் பக்கம் திருப்புவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வருடக் கடைசியில் ஸ்மித்தை மெட்ராஸுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டு, பொறுப்பை கர்னல் வுட்டிடம் கொடுத்தார்கள். நவம்பரில் ஐதர் ஓசூரை முற்றுகையிட்டார். காப்பாற்ற வந்த வுட், கனரகப் பீரங்கிகளையும் மூட்டை முடிச்சுகளையும் பாகலூரில் விட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓசூருக்கு நடந்தார். ஐதர் அவரைச் சுற்றிக்கொண்டு போய் பாகலூரில் விழுந்து, பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த சில வாரங்களில் தருமபுரி, சேலம் கோட்டைகள் மறுபடி ஐதர் கைக்குப் போயின. 1769-இல் ஐதரின் குதிரைப்படை மெட்ராஸ் வாசலில் நின்றது. ஏப்ரலில் அங்கேயே உடன்படிக்கை ஆனது.

கவுன்சிலின் தலையீடு மட்டுமே தோல்விக்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கம்பெனியிடம் குதிரைப்படை மிகக் குறைவு, தீனிக்கும் மாட்டுக்கும் தட்டுப்பாடு. ஆனால் இருக்கிற கொஞ்சத்தை எங்கே பயன்படுத்துவது என்று ஒருவர் முடிவெடுக்க முடியாதபடி நான்கு பேர் கையில் பிரித்துக் கொடுத்தது அவர்கள் செய்ததுதான்.

இதற்கு எதிர்த்திசையில் போனவர்கள் பிரஷ்யா என்ற அன்றைய ஜெர்மானிய நாட்டுக்காரர்கள். 1806-இல் யேனாவில் நெப்போலியனிடம் நொறுங்கிய பிறகு, தங்கள் படையின் இறுக்கத்தைத் தளர்த்தத் தொடங்கினார்கள். பல பத்தாண்டு வேலை அது. 1869-இல் பிரஷ்யப் படைத் தலைவர் மோல்ட்கே தன் தளபதிகளுக்கு எழுதிய வழிமுறையில், கீழே இருப்பவரால் தானாக முடிவு செய்ய முடியாதது எதுவோ அதை மட்டும் உத்தரவில் எழுதினால் போதும் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். உத்தரவு நீளமாக நீளமாகக் கீழே இருப்பவரின் கண் மூடிக்கொள்கிறது என்பது என் எண்ணம். வகுப்பறையிலும் இதைப் பார்க்கிறேன்.

பதில் 4: சுபேதார் (ஓய்வு), காவேரிப்பட்டணம்

பாகலூர் விஷயம் எனக்குப் புதிது, சார். நன்றி. அந்த வழியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், இனிமேல் வேறு கண்ணோடு பார்ப்பேன்.

விமானப்படைத் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அமைதிக் காலத்தில் தாமதத்துக்கு யாரும் விலை கொடுப்பதில்லை, தவறுக்கு மட்டும் ஒருவன் கொடுக்கிறான். அதனால் எல்லோரும் கோப்பை மேலே தள்ளுகிறார்கள். 1962-இல் சீனாவோடு நடந்த போரில் நாம்கா சூ ஆற்றங்கரையில் அதன் பலனைப் பார்த்தோம். அந்த ஓடைக்கரையில் எந்த போஸ்ட் எங்கே இருக்க வேண்டும் என்பது வரை மேலிருந்து வந்தது. இந்த இடத்தில் நின்று சண்டை போட முடியாது என்று பிரிகேடியர் தால்வி சொன்னது எடுபடவில்லை. கோர் என்ற பெரும் படைப்பிரிவின் தளபதி கவுல் உடம்பு சரியில்லாமல் டெல்லிக்குப் போய், படுக்கையிலிருந்தே உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். அக்டோபர் 20-ஆம் தேதி காலையில் சீனப் படை இறங்கியது. பையன்கள் கோடைக்கால உடுப்போடு, கையில் கொஞ்சம் குண்டோடு நின்று செத்தார்கள். இதை நினைக்காமல் எனக்கு அக்டோபர் மாதம் போவதில்லை.

ஆனால் அதே ராணுவம்தான் ஒன்பது வருடம் கழித்து, கிழக்கு பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், மேக்னா நதியைக் கடந்தது. லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங், 4-வது கோர். அவருக்குக் கொடுத்த வேலை மேக்னா வரைக்கும்தான். டாக்காவைப் பிடி என்று அதில் இல்லை. அசுகஞ்சில் இருந்த பெரிய ரயில் பாலத்தை பாகிஸ்தான் படை 1971 டிசம்பர் 9-ஆம் தேதி உடைத்துவிட்டது. நதியோ கடல் மாதிரி அகலம். ஒரு சாப்பராகச் சொல்கிறேன், அங்கே அவசரத்துக்குப் பாலம் போடுவது நடக்கிற காரியமில்லை. சகத் சிங் கையில் ஒரு டஜன் சுமாருக்கு எம்.ஐ-4 ஹெலிகாப்டர்கள் இருந்தன. இரண்டு நாள் முன்புதான் அவற்றில் ஒரு கூர்க்கா பட்டாலியனை சில்ஹெட் பக்கம் இறக்கியிருந்தார். அன்றே 4 கார்ட்ஸ் பட்டாலியனை அக்கரையில் ராய்ப்பூராவில் இறக்க ஆரம்பித்தார். மற்றவர்கள் ஊர் மக்கள் கொடுத்த நாட்டுப் படகுகளில் கடந்தார்கள். ஈஸ்டர்ன் கமாண்ட் தளபதி அரோராவுக்கு இதில் தயக்கம் இருந்தது. ஆனாலும் நடந்தது. டிசம்பர் 16-ஆம் தேதி டாக்காவில் சரணாகதி.

இது கடைசி நிமிடத்தில் வந்த துணிச்சல் இல்லை, தம்பி. இதே சகத் சிங் 1965-இல் சிக்கிமில் டிவிஷன் கமாண்டர். சீனாவின் மிரட்டல் வந்தபோது கணவாய்களிலிருந்து பின்னால் வரச் சொல்லி மேலிடம் சொன்னது. நாதுலாவைக் காலி செய்ய முடியாது என்று அவர் நின்றார். பக்கத்து ஜெலப்லா காலி செய்யப்பட்டது, அது சீனா வசம் போயிற்று. நாதுலா இன்றைக்கும் நம்மிடம் இருக்கிறது. பொறுப்பைத் தன் தலைமேல் ஏற்றுக்கொள்ளும் பழக்கம் அவருக்கு அமைதியிலேயே இருந்தது.

அதனால் உன் கேள்விக்கு என் பதில்: பழகாதவர் போர் வந்தால் திடீரென்று மாற மாட்டார், நீ பயப்படுவது சரிதான். அதைப் பழக்க வேண்டியது யூனிட்டில்தான். நான் இருந்த கம்பெனிகளில் நல்ல கமாண்டர்கள் ஒரு காரியம் செய்வார்கள். பயிற்சி முடிந்ததும் எல்லோரையும் உட்கார வைத்து, முதலில் சிப்பாயைப் பேசச் சொல்வார்கள். அதிகாரி முதலில் பேசிவிட்டால் யாரும் வேறு மாதிரி சொல்ல மாட்டார்கள் அல்லவா. கீழே ஒருவன் நல்ல நோக்கத்தோடு எடுத்த முடிவு பிசகினால், மேலே எழுதும்போது "என் உத்தரவின்படி" என்று எழுதுவார்கள். அப்படி ஒரு தடவை எழுதிவிட்டால் போதும், அந்தக் கம்பெனியில் ஹவில்தார்கள் அப்புறம் எதற்கெடுத்தாலும் கேட்டுக்கொண்டு வர மாட்டார்கள்.

இன்னொன்றை விட்டுவிட்டேன். முடிவே தேவைப்படாத இடங்களும் உண்டு. ரோந்து போகும்போது பக்கத்திலிருந்து திடீரென்று சுட்டால் என்ன செய்வது என்று யாரும் ஓ குரூப் போட முடியாது. அதற்கு டிரில். ஆயிரம் தடவை பழகி, உடம்பே செய்துவிடும். சின்ன விஷயங்களை டிரிலில் போட்டுவிட்டால்தான் கமாண்டரின் மூளை பெரிய விஷயத்துக்குக் காலியாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்: பென்னாகரம் மாணவி

எல்லோருக்கும் மிக்க நன்றி. பாதிக்கு மேல் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காதவை. சுபேதார் ஐயா, இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன். எஸ்.எஸ்.பி.யில் குரூப் பிளானிங் என்று ஒரு மாடலைக் காட்டி நாலைந்து பிரச்சினைகளை ஒரே நேரத்தில் கொடுப்பார்கள் என்கிறார்கள். அப்புறம் கமாண்ட் டாஸ்க். இவற்றில் நீங்கள் சொன்னதை எப்படிப் பயன்படுத்துவது?

பதில் 5: சுபேதார் (ஓய்வு), காவேரிப்பட்டணம்

அம்மா, நான் எஸ்.எஸ்.பி. போனவன் இல்லை. ஆனால் அதில் தேறி வந்த இளம் அதிகாரிகளோடு வேலை செய்திருக்கிறேன், அவர்களிடமிருந்து கேட்டதும் உண்டு. அந்த அளவுக்குச் சொல்கிறேன்.

மாடலில் பொதுவாக இப்படிக் கொடுப்பார்கள்: ரோட்டில் விபத்து, ஒருவருக்கு ரத்தம் போகிறது. தண்டவாளத்தில் யாரோ பிளேட்டைக் கழற்றியிருக்கிறார்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் ரயில் வரும். பக்கத்துக் கிராமத்தில் ஒரு குடிசையில் தீ. நீங்கள் இத்தனை பேர், கையில் ஒரு ஜீப்பும் ஒரு சைக்கிளும். எல்லோரும் எது பெரியது என்று பார்ப்பார்கள். நீ அதோடு எது எப்போது கைமீறிப் போகும் என்றும் பார். ரயில் வரும் நேரம் தெரியும், அது நமக்காக நிற்காது. அதனால் சைக்கிளில் ஒருவரைச் சிவப்புத் துணியோடு ரயில் வரும் திசைக்கு முதலில் அனுப்பு, தண்டவாளத்துக்கு வேறு யாரும் தேவையில்லை. ஜீப் காயம்பட்டவருக்கு. மற்றவர்கள் தீக்கு, கிராமத்து ஆட்களையும் சேர்த்துக்கொண்டு. தூரத்தைப் பார்த்து யார் எத்தனை மணிக்கு எங்கே இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு எழுது. முடிந்ததும் எல்லோரும் எங்கே கூடுவது என்பதையும் எழுது. இதைப் பலர் விட்டுவிடுவார்கள்.

கலந்து பேசும்போது உன் திட்டத்தைவிட இன்னொரு பெண் சொல்வது நன்றாக இருந்தால், அதை எடுத்துக்கொண்டு அதில் விட்டுப்போன இடத்தை நிரப்பு. உன் திட்டம்தான் ஜெயிக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். ஒரே திட்டத்தோடு எல்லோரும் எழுந்திருப்பதுதான் அங்கே வேலை.

கமாண்ட் டாஸ்க்கில் நீ கமாண்டர், உதவிக்கு ஓரிரண்டு பேர். பலகை, கயிறு, கட்டை கொடுத்து ஒரு தடையைக் கடக்கச் சொல்வார்கள். தொடங்குவதற்கு முன் முழு இடத்தையும் ஒரு நிமிடம் பார். பிறகு அவர்களிடம் எங்கே போய்ச் சேர வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று சொல். பலகையை நீயே தூக்கிக்கொண்டு ஓடாதே. தூக்கினால் உன் கண் பலகையில்தான் இருக்கும், மற்ற இரண்டு பேர் என்ன செய்கிறார்கள் என்று தெரியாது. அவர்கள் ஒரு யோசனை சொன்னால் கேள், நன்றாக இருந்தால் "சரி, அப்படியே செய்" என்று உடனே சொல். இல்லையென்றால் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேலே போ. இழுத்துக்கொண்டு நிற்காதே. அதிகாரி நடுவில் ஒரு கட்டையைப் பிடுங்கிக்கொண்டு நிலைமையை மாற்றுவார். அப்போது முகம் வாடக் கூடாது. புதிதாகப் பார்த்து, புதிதாகச் சொல்.

அழைப்புக் கடிதத்தில் போட்டிருக்கும் அசல் சான்றிதழ் எல்லாவற்றையும் இப்போதே ஒரு ஃபைலில் போட்டு வை. பெங்களூருக்கு முதல் நாளே போய்விடு. ஓசூர் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் காலை நேரத்தில் பஸ் நகராது, ரிப்போர்ட்டிங் நேரத்தை நம்பி விடிகாலையில் கிளம்ப வேண்டாம்.